பழைய துப்பாக்கியின் கட்டை: எதைத் திருத்துவது, எதை விட்டுவைப்பது

பழைய ரைபிள் ஒன்றைக் கையில் எடுக்கும் பலரும் முதலில் பார்ப்பது இரும்பைத்தான். குழலுக்குள் துரு ஏறியிருக்கிறதா, விசைப்பொறி இயங்குகிறதா, தொழிற்சாலையின் முத்திரையும் ஆண்டும் தெரிகின்றனவா என்று தேடுவார்கள். மரத்தின் முறை கடைசியில்தான் வரும். கீறல் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், விரிசல் இருந்தால் பசை ஊற்றலாம், மிகவும் கெட்டிருந்தால் வேறு கட்டை மாட்டிவிடலாம் என்பதே பொதுவான எண்ணம். இந்த எண்ணத்தால் அழிந்த சான்றுகள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து படைத்துப்பாக்கியின் இரும்பு உறுப்புகள் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பொருத்தும்படி ஒரே அளவில் கடைந்தெடுக்கப்பட்டன. ஒரு துப்பாக்கிக்கும் அடுத்ததற்கும் அவற்றில் வேறுபாடு குறைவு. அந்தத் தனித் துப்பாக்கி எங்கே இருந்தது, யார் சோதித்து ஏற்றார்கள், எந்தப் படைப்பிரிவு சுமந்தது என்பவற்றுள் பெரும்பகுதி மரத்தில்தான் பதிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் 1861 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளில், விசைப்பொறிக்கு எதிர்ப்பக்கம், இடப்புற மரத்தில், சோதனையாளரின் பெயரெழுத்துகள் நீள்வட்டத்துக்குள் குத்தப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் படையின் குட்டை லீ-என்ஃபீல்டில் பின்கட்டையின் வலப்புறம் பதித்த பித்தளை வட்டில் படைப்பிரிவின் குறியும் எண்ணும் இருக்கும்; முதல் உலகப் போரின் அவசரத்தில் அந்த வட்டே கைவிடப்பட்டதால், ஒரு கட்டையில் அது இருப்பதும் இல்லாததும்கூட ஒரு செய்தி. மரத்தில் குத்திய முத்திரைகளுக்குப் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இராது. ஒரு மாலை நேரம் உப்புத்தாள் பிடித்தால் நூறு ஆண்டுச் சான்று தூளாகப் போய்விடும்.

ஆகவே சேதமான கட்டையை எப்படித் திருத்துவது என்ற கேள்விக்கு என் விடை இது: போன மரத்தை மட்டும் ஈடு செய்ய வேண்டும், இருக்கும் மரத்தை மேலும் குறைக்கக் கூடாது, செய்ததைப் பின்னால் வருபவர் பிரித்துப் பார்க்க வழி விட வேண்டும். இதை அருங்காட்சியகக் காப்பாளர்களின் அதீத எச்சரிக்கை என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இதே நெறியைப் பெருமளவுக்குக் கடைப்பிடித்தவர்கள், துப்பாக்கியை நாளும் பயன்பாட்டில் வைத்திருந்த படைக்கலக் கம்மியர்களே. அவர்களுடைய பட்டறை வழக்கத்தையும் இன்றைய காப்பியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

மரம் ஏன் உடைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் காரணத்தை விட்டுவிட்டு விரிசலை மட்டும் ஒட்டினால் அதே இடத்தில் மறுபடி விரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படைத்துப்பாக்கிகளுக்கு வால்நட் மரமே முதன்மையானது. கனத்துக்குத் தக்க வலிமை, அதிர்ச்சி தாங்கும் தன்மை, உளிக்கு இணங்கும் நயம் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் எந்த மரத்துக்கும் வலிமை நாரோட்டத்தைப் பொறுத்தது. விறகை நெடுக்கே பிளப்பது எளிது, குறுக்கே வெட்டுவது கடினம் என்பது அடுப்பு மூட்டிய எவருக்கும் தெரியும். துப்பாக்கிக் கட்டை நேராக வந்து, கை பிடிக்கும் கழுத்தில் மெலிந்து, கீழ்நோக்கி வளைந்து, தோளில் பதியும் பின்கட்டையாக அகல்கிறது. பலகையில் நார் நேராக ஓடுகிறது, வடிவமோ வளைகிறது. அதனால் கழுத்தில் நார்கள் நெடுக ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறிவிடுகின்றன. ஏற்கெனவே மெலிந்த அந்த இடத்தில்தான் விசைப்பொறிக்கும் குழலின் பின்வாலுக்கும் விசைக்கும் குழி தோண்ட வேண்டியிருக்கிறது. ஒரே கட்டையாலான பழைய துப்பாக்கி கீழே விழுந்தால் கழுத்தில் உடைவதற்கு இதுவே காரணம். நல்ல கட்டை செய்பவர்கள் கழுத்தோடு ஒத்து நார் வளைந்து வரும் பலகையைத் தேடி எடுத்ததும் இதனால்தான்.

அடுத்து ஈரப்பதம். கருவால்நட் பச்சை மரத்திலிருந்து முழுதும் உலரும்போது ஆண்டு வளையத்தின் திசையில் ஏறக்குறைய 7.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 5.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகச் சிறியது. உலர்ந்த பின்னும் பருவத்துக்குப் பருவம் மரம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அதோடு கட்டப்பட்ட இரும்பு அப்படி அசையாது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பென்சில்வேனியாவின் நீள்ரைபிள்களில், ஒரு மீட்டருக்கும் அதிக நீளமான குழலை மெல்லிய மேப்பிள் கட்டையோடு சிறு ஊசிகள் பிணைத்தன. ஊசி நுழையும் உலோகக் காதில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள் துளை போடும் வழக்கம், இந்த அசைவை அறிந்தே வந்தது. அந்தத் துளை இல்லாத துப்பாக்கியில் ஊசியைச் சுற்றிய மரம் சிதறியிருக்கக்கூடும். நெருப்பின் வேலை வேறு. தீக்கல் துப்பாக்கியின் தீத்துளையிலிருந்தும், 1853 மாதிரி என்ஃபீல்டு போன்றவற்றின் வெடிமூடி பொருந்தும் முனையிலிருந்தும் தெறிக்கும் சுடர், விசைப்பொறியை ஒட்டிய மரத்தை ஆண்டுக்கணக்கில் கருக்கித் தின்றுவிடும். ஈரம் பட்ட இடத்தில் இரும்புத் திருகாணியும் வால்நட்டின் துவர்ப்புப் பொருளும் கூடி மரத்தைக் கறுக்கச் செய்யும். இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது, பாதுகாப்பதாக நினைத்து ஊற்றிய எண்ணெய். குழலில் தாராளமாக விட்ட கனிம எண்ணெய், துப்பாக்கியைச் சுவரில் நிமிர்த்தி வைத்திருக்கும்போது மெல்ல வழிந்து கழுத்து மரத்தில் ஊறுகிறது. ஊறிய மரம் கறுத்து, பஞ்சாகி, திருகாணியைப் பிடிக்கும் வலிமையை இழக்கிறது. அதன்மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிப்பதில்லை.

காரணத்தை முதலில் தேட வேண்டும் என்பதற்கு லீ-என்ஃபீல்டைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1907இல் வந்த அதன் மூன்றாம் மாதிரி இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் வங்காளத்தின் இச்சாப்பூரிலும் உருவானது. நம் நாட்டுக் காவல்துறைகளில் ‘திரீ நாட் திரீ’ என்ற பெயரில் இந்த நூற்றாண்டுவரை புழங்கியது. இதன் கட்டை முன், பின் என இரு பகுதி. சுடும்போது எழும் பின்னுதைப்பு, முன்கட்டைக்குள் தோட்டாப்பெட்டிக்குப் பின்னால் உள்ள இரண்டு சிறிய மரமுகங்களில்தான் இறங்குகிறது. இரும்பு உடல் அந்த இரு முகங்களிலும் ஒரே சீராக அழுந்த வேண்டும். மரம் உலர்ந்து சுருங்கினாலோ எண்ணெயில் ஊறி நைந்தாலோ அந்தத் தொடர்பு விட்டுப்போகும். பிறகு ஒவ்வொரு சுடுதலிலும் உடல் சற்றே பின்னால் நகர்ந்து மோதும். முன்கட்டையின் பின்முனை இடிபட்டுப் பிளக்கும். வெளியே தெரிவது பின்முனையின் விரிசல். நோய் இருப்பதோ உள்ளே. விரிசலை மட்டும் பசையிட்டு இறுக்கி, நைந்த முகங்களை அப்படியே விட்டால் அந்த வேலை வீண். இன்னொரு விரிசலுக்குக் காரணம் பழுதுபார்ப்பவரின் கையே. பின்கட்டைக்குள் நீளவாக்கில் செல்லும் போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையின் பின்முனையில் பதித்த ஒரு தகட்டில் பொருந்தி நிற்கும், போல்ட் தானாகத் தளராமல் இருக்க. முன்கட்டையை முதலில் கழற்றாமல் அந்த போல்ட்டைத் திருப்பினால் சதுர முனை சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். இன்று சந்தைக்கு வரும் பல லீ-என்ஃபீல்டுகளின் முன்கட்டைப் பிளவுக்குப் போர்க்களத்தின்மேல் பழி போடுகிறார்கள். பழி சேர வேண்டிய இடம் திருப்புளி.

இந்த நோய்களுக்குப் படைப் பட்டறைகள் கண்ட மருந்து கவனிக்கத் தக்கது. பிரிட்டிஷ் படைக்கலக் கம்மியர்களுக்கான கையேடுகள் 1912, 1931 ஆகிய ஆண்டுகளில் பதிப்பிக்கப்பட்டன. கட்டையில் எந்த இடம் சிதைந்தால் எந்த வடிவில் ஒட்டுத்துண்டு வைப்பது என்பது அவர்களின் அன்றாட வேலை. பின்கட்டையின் கீழ்முனை சிதைந்தால் அந்த முனையை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தில் ஒரு துண்டை நாரோட்டம் பார்த்துப் பொருத்தினார்கள். உள்ளே நைந்த மரமுகங்களை வெட்டியெடுத்துக் கடின மரத்துண்டு வைத்தார்கள். லித்கோ தொழிற்சாலை உள்நாட்டு மரங்களுக்கு மாறியபோது அந்த முகங்களில் செம்புத் தகடு பதித்தது. இச்சாப்பூர் முன்கட்டையைக் குறுக்கே துளைத்து ஒரு திருகாணி போட்டது, பிளவு பரவாமல் தடுக்க. கைக்குண்டு எறிய ஒதுக்கிய ரைபிள்களில் முன்கட்டையையும் குழலையும் சேர்த்துக் கம்பி சுற்றி ஈயம் பற்றவைத்தார்கள். இந்தக் கம்மியர்களுக்குப் பழமை மீது தனிப் பாசம் இருந்திருக்க வேண்டியதில்லை. புதுக் கட்டைக்குப் பதப்பட்ட வால்நட் வேண்டும், அதைப் பொருத்த நாள் வேண்டும், இரண்டும் பணம். சிக்கனம் அவர்களை எந்த முடிவுக்குக் கொண்டுவந்ததோ, அதே முடிவுக்குத்தான் இன்று சான்றைக் காக்கும் அக்கறையும் நம்மைக் கொண்டுவருகிறது: கெட்டதை மட்டும் எடு, நல்லதைத் தொடாதே. தொழிற்சாலைக்கு வெளியேயும் இதே பழக்கம் இருந்தது. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் உடைந்த கழுத்தின்மேல் ஈரத் தோலை இறுக்கச் சுற்றித் தைத்தார்கள். தோல் உலரும்போது சுருங்கி, பசையின் உதவியே இல்லாமல் முறிவைக் கவ்விப் பிடித்தது. எல்லைப்புறக் குடியேறிகள் பித்தளைத் தகடு அடித்தார்கள். இரண்டிலும் மூல மரம் ஒரு சிராய்கூடக் குறையவில்லை.

காப்பியல் சிந்தனை வேறு பாதையில் இங்கே வந்து சேர்ந்தது. கட்டடங்களை மனத்தில் வைத்து 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், இல்லாமற்போன பகுதிக்கு வைக்கும் புதிய பகுதி முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதற்கு ஓராண்டு முன் இத்தாலியக் கலைக் கோட்பாட்டாளர் செசாரே பிராந்தி வெளியிட்ட மறுசீரமைப்புக் கோட்பாடும் எதிர்காலத் தலையீட்டுக்கு இடம் விடுவதை வலியுறுத்தியது. துப்பாக்கிக்கு இதைப் பொருத்தினால், மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணை உறுத்தாத, கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு எல்லைக்கோடு தெரிகிற ஒட்டு என்றாகும். படைக் கம்மியரின் ஒட்டு அப்படிப்பட்டதுதான். வேறுபடும் இடம் ஒன்று: கம்மியர் தன் வேலையை எவரும் பிரிப்பார் என்று எண்ணவில்லை. அங்கே காப்பியலுக்குத்தான் செவிசாய்க்க வேண்டும். பசையைப் பற்றிய நீண்ட சச்சரவு இந்த இடத்தில்தான் எழுகிறது.

தச்சர்கள் வச்சிரம் என்று அழைக்கும் விலங்குப் பசை, அந்தக் காலத்துக் கட்டை வேலைகளின் இயல்பான பசை. சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது இளகும். பிழை நேர்ந்தால் பிரிக்கலாம், ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவரும் பிரிக்கலாம். குறையும் அதே குணத்தில்தான்: மழைக்காலப் புழுக்கத்தில் வலிமை குன்றும், எண்ணெய் ஊறிய மரத்தில் அறவே பிடிக்காது. எபாக்சி இடைவெளியை நிரப்பும், ஈரத்துக்கு அஞ்சாது, உறுதியும் மிக அதிகம். ஆனால் அது நாருக்குள் புகுந்து இறுகிவிட்டால் மரத்தை வெட்டாமல் எடுக்க இயலாது. மரம் பருவந்தோறும் அசைய, எபாக்சி அசையாமல் நிற்க, அடுத்த முறிவு பசைக்கோட்டில் நிகழாமல் பக்கத்தில் உள்ள மூல மரத்தில் நிகழும். வலிமை மிகுந்த பசையே நல்ல பசை என்ற நம்பிக்கை இங்கே பிழையாகிறது. விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் ஒட்டாக இருக்க வேண்டும், மரமாக இருக்கக் கூடாது. இதற்காக எபாக்சியை அறவே விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில்லுகள் தொலைந்து, முறிவின் இரு முகங்களும் பொருந்தாமல் போன கழுத்துக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். அப்போது அசிட்டோனில் கரையும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை முறிவின் முகங்களில் முதலில் பூசி உலரவிட்டு, அதன்மேல் எபாக்சியை வைக்கும் முறை இருக்கிறது. பின்னாளில் அந்த இடைப்படலத்தைக் கரைத்து ஒட்டைக் கழற்றலாம். வலிமை சற்றுக் குறையும். காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல. எண்ணெய் ஊறிய மரமானால், எந்தப் பசைக்கும் முன், சுண்ணக்கட்டித் தூளைக் கரைப்பானோடு குழைத்துப் பூசி, எண்ணெயை உறிஞ்ச விட்டு, உலர்ந்ததைத் துலக்கி, மறுபடி பூச வேண்டும். பொறுமையற்றவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பசையின்மேல் குறை சொல்கிறார்கள்.

ஒட்டுத்துண்டின் வடிவமும் பசைக்கு இணையான முக்கியத்துவம் உடையது. நாரின் குறுக்கு வெட்டு முகத்தில் பசை நன்றாகப் பிடிக்காது. நெடுக்கு முகத்தில்தான் பிடிக்கும். ஆகவே சதுரத் துண்டைவிட, இரு முனையும் கூர்ந்து ஓடம்போல் நீண்ட துண்டு உறுதியானது. அதன் எல்லைக்கோடு நாரோடு நாராக ஓடிக் கண்ணுக்கும் மறையும். வைக்கும் துண்டைச் சற்று மேடாக விட்டு, பசை இறுகிய பின் உளியாலோ சுரண்டியாலோ துண்டை மட்டும் தணிக்க வேண்டும். பெரும்பாலான அழிவு இந்தக் கடைசிக் கட்டத்தில் நேர்கிறது. துண்டைச் சமப்படுத்துகிறேன் என்று சுற்றியுள்ள பழைய மரத்தையும் சேர்த்துத் தேய்ப்பார்கள். தேய்த்த இடம் வெளிறும். வெளிறலை மறைக்கக் கட்டை முழுவதையும் தேய்ப்பார்கள். முடிவில் விளிம்புகள் மழுங்கி, இரும்புத் தகடுகள் மரத்துக்கு மேலே துருத்தி நிற்கும். சாயம் ஏற்ற வேண்டியது புதுத் துண்டுக்கே. பட்டி வைத்து அடைக்கும் வழக்கமும் இந்த வகைத் தீங்குதான். சூடான இரும்பும் ஈரத்துணியும் கொண்டு பள்ளங்களை எழுப்பும் முறை மரத்தை வெட்டுவதில்லை, உண்மை. நசுங்கிய நாரணுக்கள் நீராவியில் உப்பி எழும். ஆனால் முத்திரையும் ஒரு நசுங்கல்தான். நீராவிக்குப் பள்ளம் எது, முத்திரை எது என்ற பாகுபாடு தெரியாது. மேற்பூச்சு விஷயத்தில் நான் படைப் பட்டறையோடு முழுதும் உடன்படவில்லை. பச்சை ஆளிவிதை எண்ணெயை அவர்கள் தவறாமல் பூசினார்கள், மழையில் நனையும் துப்பாக்கிக்கு அது தேவை. அலமாரியில் இருப்பதற்குத் தேவையில்லை. காற்றில் இறுகி, கறுத்து, தூசியைப் பிடித்து, பின்னர் எடுக்க முடியாத படலமாகிவிடும். மெல்லிய நுண்படிக மெழுகு போதும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது பாதுகாப்பு: துப்பாக்கி சுடுவதற்கான கருவி, மீட்கத்தக்க மெல்லிய ஒட்டுகளை நம்பித் தோளில் வைக்க முடியுமா? நியாயமான கேள்வி, விடையும் தெளிவு. முடியாது. கழுத்து முற்றிலும் முறிந்த பழங்கட்டையைச் சுடுவதற்காகத் திருத்தும் முயற்சியே தவறு. உள்ளே பித்தளைத் தண்டு செலுத்தி, எபாக்சி நிரப்பி, வலிமையாக்கலாம். அதற்காகத் துளைத்து அகற்றும் மூல மரமும், போகும் சான்றும் திரும்பாது. சுட வேண்டுமானால் புதுக் கட்டை செய்து மாட்டிச் சுடட்டும்; பழையதைக் குறிப்போடு தனியே காக்கட்டும். அதுவும் இந்தியாவில், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே உரிமம் கோரும் தொழில் என்பதை நினைவில் கொண்டு. இரண்டாவது வாதம் அழகு. பட்டறையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் ஆக்கினால் என்ன, அதுதானே செய்தவரின் நோக்கம் என்கிறார்கள். செய்தவரின் நோக்கம் அவர் விட்ட மேற்பரப்பில் இருக்கிறது. அவருடைய உளி விட்ட விளிம்பைத் தேய்த்து எடுத்துவிட்டு அவருடைய நோக்கத்தை மீட்டதாகச் சொல்வது பொருந்தாது. கிடைப்பது இன்றைய ஒருவர் தேய்த்த பரப்பு. மூன்றாவது வாதம் கூடுதல் வலுவானது: எல்லாத் துப்பாக்கியும் அரும்பொருளா? லீ-என்ஃபீல்டு லட்சக்கணக்கில் உருவானது, ஒன்றிரண்டு கெட்டால் என்ன நட்டம்? உருவானது லட்சக்கணக்கில்தான், ஆனால் போருக்குப் பின் மிச்சமானவற்றில் பெருந்தொகை வேட்டைத் துப்பாக்கிகளாக முன்கட்டை அறுக்கப்பட்டது, எஞ்சியவற்றுள் பலவற்றின் கட்டைகள் தேய்க்கப்பட்டவை. முத்திரையோடும் ஒட்டோடும் கைபடாமல் நிற்பவை ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. மலிவானது என்று கருதப்பட்டதே அழிவின் காரணம்.

அறுத்த முன்கட்டைகளைப் பற்றிய கேள்விதான் இந்தத் துறையில் இன்னும் தீராதது. அறுபட்ட முனையில் புதுத்துண்டை ஒட்டி, இணைப்பைக் குழல்வளையத்தின் அடியில் மறைத்து, பழைய நீளத்துக்குக் கொண்டுவருவது தேர்ந்த கைவினை. மூல மரம் இம்மியும் குறையாமல் செய்தால் என் நெறிக்கு அது மாறானது அல்ல. ஆனால் வளையத்தின் அடியில் மறைந்த இணைப்பை வாங்குபவர் அறியமாட்டார். ஒட்டிய துண்டில் பொய் முத்திரை குத்தி விலை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒட்டுத்துண்டின் உட்புறத்தில், குழல் படியும் பள்ளத்தில், என்ன செய்தது, எந்த ஆண்டு என்று எழுதிவைக்காத வேலையை நான் திருத்தமாக ஏற்கமாட்டேன். அதேபோல் பழைய ஒட்டுகளையும் கலைக்கக் கூடாது. இச்சாப்பூரின் குறுக்குத் திருகாணி, கைக்குண்டு ரைபிளின் கம்பிச் சுற்று, கழுத்தில் உலர்ந்த தோல், கம்மியர் வைத்த நிறம் மாறிய கீழ்முனைத் துண்டு ஆகியவை அந்தத் துப்பாக்கியின் சேதங்கள் அல்ல. கம்பிச் சுற்றை அவிழ்த்து ‘மூல நிலைக்கு’ மீட்ட ஒருவர், அந்தத் துப்பாக்கி எதற்காகப் பயன்பட்டது என்பதற்கு இருந்த ஒரே சான்றை அகற்றியிருக்கக்கூடும். பழைய ஒட்டு தளர்ந்திருந்தால் அதே துண்டை, அதே இடத்தில், பிரிக்கக்கூடிய பசையால் மீண்டும் உட்கார வைக்கலாம். உள்ளே பூச்சி அரித்துப் பொடியாகியிருந்தால் மட்டும் புதுத்துண்டு, அப்போதும் பழையது ஒரு உறையில் துப்பாக்கியோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.